பூட்ஸைப் பழக்கியவள்

1. என் அக்கா மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இடது காலில் தெம்பு இல்லை. போலியோ என்றார்கள்.

2. அவளுக்கு ஐந்து வயது முடிந்த கோடையில் மதுரையில் அளவெடுத்து, இடது காலுக்கு இரும்புக் கம்பியும் இரண்டு காலுக்கும் பூட்ஸும் செய்து கொடுத்தார்கள்.

3. பூட்ஸ் கடித்தது. அவள் அதைக் கழற்றி எறிந்தாள். இனிமேல் போட மாட்டேன் என்றாள்.

4. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளியில், பிள்ளை தானாகப் படியேறி வகுப்புக்கு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

5. மத்தியான வேளைகளில் பூட்ஸ் காணாமல் போனது. சாயங்காலம் பார்த்தால் இருந்த இடத்திலேயே இருந்தது.

6. பக்கத்து வீட்டுச் சிறுமி அவள் அம்மாவிடம் அடி வாங்கினாள்.

7. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று என் அக்கா மகள் நடந்து போனாள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்த விஷயமானாலும் முதலில் வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்குப் புத்தி ஓடும். மேலே உள்ளதைப் படித்தவர்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது, தெரியட்டும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் இத்தனை வருஷமாக நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்த கையோடு மில்லில் சேர்ந்திருந்தேன். அப்பாவும் மில்லில் ஃபிட்டர்தான். அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அவர்கள் குடியிருந்தது ஒரு வளவு. நடுவில் கிணறு, துவைகல், ஒரு முருங்கை மரம். இந்தப் பக்கம் அக்கா வீடு. அந்தப் பக்கம் நாச்சியார் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் குடும்பம். நாங்கள் வேதக்காரர்கள். அக்கா வீட்டுக் கதவுக்கு மேல் மாதா படம். அவர்கள் நிலைப்படியில் நாமம். கிணறு பொது, வாளி பொது. ஒருவர் வீட்டில் குழம்பு கொதித்தால் இன்னொருவருக்கு வாசனை தெரியும். சண்டையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை. சனிக்கிழமைகளில் அவர்கள் பெருமாளைச் சேவிக்கப் போவார்கள். அக்கா மாதா கெபிக்கு மெழுகுவத்தி கொண்டுபோவாள்.

என் அக்கா மகள் அந்த வளவு முழுவதும் உட்கார்ந்தபடியே நகர்ந்து திரிவாள். கைகளை ஊன்றி, ஒரு தள்ளு தள்ளி, கிணற்றடியிலிருந்து வாசலுக்கு அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். வாய் பெரிது. பால்காரர் தண்ணீர் கலந்தாரா, தபால்காரர் ஏன் நேற்று வரவில்லை, எல்லாவற்றையும் கேட்பது அவள்தான். பக்கத்து வீட்டுச் சிறுமி அவளைவிட ஒரு வயது இளையவள். பேச்சு குறைவு. இவள் சொன்னால் மண் அள்ளி வருவாள், இலை பறித்து வருவாள், எதிரே உட்கார்ந்து இவள் ஆக்கிய கூட்டாஞ்சோற்றைச் சாப்பிடுவதுபோல நடிப்பாள். இவள் டீச்சர், அவள் பிள்ளை. இவள் டாக்டர், அவள் நோயாளி.

மதுரைக்கு அளவு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே பூட்ஸ் செய்பவர் பொறுமையான மனிதர். தெம்பில்லாத கால் மற்றதைப்போல வளராது, அதனால் இடது பூட்ஸ் வலதைவிடச் சிறியதாக இருக்கும் என்று விளக்கினார். கம்பியைக் குதிப்பக்கம் உள்ள துளையில் செருகி, முழங்காலுக்கு மேலே வாரால் கட்ட வேண்டும். கழற்றி எடுத்தால் வெறும் பூட்ஸ்தான். தோல் புதிது, காலின் சூடு பட்டுப் பட்டுத்தான் இளகும், தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள் என்றார். வலிக்குமா என்று அக்கா மகள் அவரையே கேட்டாள். வலிக்காது பாப்பா என்றார். அக்காவைக் கேட்டாள். வலிக்காதுடி தங்கம். என்னைக் கேட்டாள். வலிக்காது என்றேன். அப்படித்தான் எல்லோரும் சொல்வோம்.

போலியோ வந்த காலுக்குத் தெம்புதான் இல்லையே தவிர, வலி நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பூட்ஸைப் போட்டு நிற்க வைத்ததும் முகம் சுருங்கியது. கிணற்றடி வரை போய்வருவதற்குள் இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்துவிட்டது. கழற்றச் சொல்லி அழுதாள். கழற்றியதும் ஒன்றைத் தூக்கி எறிந்தாள். அது தண்ணீர்க் குடத்தில் பட்டு, குடம் நெளிந்தது. அந்த அழுகையிலும் எங்கள் இரண்டு பேரையும், மதுரைக்காரரையும் சேர்த்துத்தான், கை நீட்டிச் சொன்னாள்.

"அம்புட்டுப் பேரும் பொய்யி."

அதன்பிறகு பூட்ஸைக் கண்டாலே காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். மிட்டாய் காட்டினோம். மிரட்டினோம். அத்தான் ஒருநாள் தூங்கும்போது போட்டுவிடப் பார்த்தார். விழித்துக்கொண்டு அவர் கையைக் கடித்துவிட்டாள்.

பிரச்சினை என்றால் வழி இருக்கும் என்று படித்தவள் நான். விளக்கெண்ணெயைத் தோலில் ஊறவிட்டு வெயிலில் வைக்கச் சொன்னேன். மில்லிலிருந்து நூற்பதற்கு முந்தைய பஞ்சுத் திரியைக் கொண்டுவந்து குதிப்பக்கம் அடைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியைக் குதிகாலில் சுற்றிப் போடலாம் என்றேன். மரக்கட்டையில் கால் மாதிரி செதுக்கி உள்ளே திணித்து வைத்தேன். எண்ணெய் தோலைக் கறுப்பாக்கியது. பஞ்சு அடைத்ததும் பூட்ஸ் இறுகியது. மரக்கட்டைக்குச் சூடு கிடையாது. எங்கள் யார் காலும் அதற்குள் நுழையாது. கடைசியில் அவள் காலால் மட்டுமே தீருகிற காரியமாக அது நின்றது. அவளோ காலைத் தர மாட்டேன் என்றாள்.

மே மாதம் முடியப் போகிறது. அத்தான், ஒரு வருஷம் போகட்டுமே என்று சொல்ல ஆரம்பித்தார். கம்பி போடுவதைப் பற்றிப் போன வருஷமும் இதையேதான் சொன்னோம். பிள்ளை வளர வளரத் தூக்கிக்கொண்டு போவதும் கஷ்டம். இப்போது நடக்காவிட்டால் வளவைத் தாண்டி எங்கும் போகாமலே வளர்ந்துவிடுவாள் என்பதுதான் அக்காவின் பயம். இதை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் தெருப்பிள்ளைகள் ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து 'நொண்டி வாரா, நொண்டி வாரா' என்று விளையாடிய அன்று, கையில் இருந்த துடைப்பத்தோடு தெருமுனை வரை அவர்களை விரட்டிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வார விடுமுறை வந்த நாள். மத்தியானச் சாப்பாடு முடித்து ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். வளவுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கிணற்றுச் சுவரைப் பார்த்தேன். எண்ணெய் போட்டு, கம்பியைக் கழற்றிவிட்டு, பூட்ஸை அங்கேதான் வெயிலில் காயவைக்கச் சொல்லியிருந்தேன். சுவரில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அக்காவைக் கேட்டேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது, மத்தியானம் தேடினால் கிடைப்பதில்லை, சாயங்காலம் பார்த்தால் இருக்கிறது, நான்தான் எங்கேயாவது மாற்றி வைத்துவிட்டு மறக்கிறேனோ என்னவோ என்றாள். அவள் குரலில் அலுப்பு. பூட்ஸ் காணாமலே போனால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பின்கட்டில் இருந்து சத்தம். பிறகு அடி விழும் ஓசை. அடி வாங்கியவளின் அழுகை மட்டும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் பின்கட்டு என்பது பூவுக்கான இடம். ஈரச் சாக்கு விரித்து, துளசியும் சம்பங்கியும் பரப்பி, வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்திருப்பார்கள். குளிக்காமல் யாரும் அதற்குள் போவதில்லை. செருப்பு அந்த வீட்டு வாசலையே தாண்டாது. அப்படிப்பட்ட இடத்தில், சாயங்கால மாலைக்குப் பூ பரப்பியிருந்த நேரத்தில், அவர்கள் மகள் எண்ணெய் மினுங்கும் தோல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறாள். மத்தியானம் பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில் ஆள் பார்க்காத இடம் அவளுக்கு அது ஒன்றுதான்.

அம்மாக்காரி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். பூட்ஸ் இன்னும் அவள் காலில். தொட்டுக் கழற்றினால் திரும்பக் குளிக்க வேண்டும் என்பதால் அப்படியே கொண்டுவந்துவிட்டார்.

"ஒங்க வீட்டுச் சாமான எடுத்து மாட்டிக்கிட்டுப் பூவுக்கு நடுவுல நடக்கா. அம்புட்டுப் பூவையும் கொட்டணும். இனி எப்பப் பூ வாங்கி எப்பக் கட்டுறது? நீங்களே கழட்டிக்கிடுங்க."

எனக்குப் பக்கத்தில் நின்ற அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பூவைப் பற்றி அவள் காதில் எதுவும் விழவில்லை. நல்ல கால் இரண்டு உள்ள ஒரு பிள்ளை, தன் மகளின் பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்திருக்கிறது என்பது மட்டும் விழுந்தது. தெருப்பிள்ளைகளுக்குக் காட்டிய கோபம் அப்படியே திரும்பியது.

"ஏட்டி, எம் பிள்ள நடக்க முடியாம கெடக்கா. ஒனக்கு அது வெளாட்டா?"

சிறுமியின் கன்னத்தில் விரல் தடம். மூக்கு ஒழுகியது. வலது காலில் பாரத்தைப் போட்டு, இடது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி நின்றாள்.

நான் குனிந்து லேஸை அவிழ்த்தேன். வலது பூட்ஸ் தானாகக் கழன்றது. இடது வரவில்லை. அது சிறியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போலியோ வந்த காலுக்கென்று அளவெடுத்துச் செய்தது. இவளுக்கோ இரண்டு காலும் ஒரே மாதிரி வளர்ந்த கால். மெதுவாக அசைத்து அசைத்து இழுத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பூட்ஸ் கழன்றதும் பார்த்தேன். குதிகாலைச் சுற்றி நனைத்த வாழைநார் கட்டியிருந்தது. மாலைக்குப் போடுகிற அதே முடிச்சு. நாரை விலக்கினால், காய்ந்து தோலுரிந்த பழைய கொப்புளம், அதன்மேல் பாதி ஆறிய இன்னொன்று, ஓரத்தில் அன்று உடைந்த புதியது.

ஒருநாள் விளையாட்டில் இது வராது. எதையும் உற்றுப் பார்த்துக் கணக்கெடுப்பது என் தொழில். எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று கேட்டேன்.

"அவ அழுதால்ல, அன்னைக்குப் பொறவு தெனம்."

எதற்கு என்று கேட்டேன். அவள் என்னைத் தாண்டி, நிலைப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா மகளிடம் சொன்னாள்.

"பாதிக்கு மேல என்னையக் கடிச்சிருச்சு. இனி உனக்குக் கொஞ்சூண்டுதான் கடிக்கும். ரத்தம் வராது."

முதலில் பேசியது அவள் அம்மாதான். கோபம் குறைந்திருந்தது, ஆனால் வழக்கம் விடவில்லை. அடுத்தவர் பொருளை முதலில் நீ போட்டு எச்சில் பண்ணிவிட்டு அவளுக்குக் கொடுப்பாயா, இதுதான் முறையா என்று கேட்டார். சிறுமி ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல அம்மா கேட்கிறாளே என்ற பார்வை.

"நாச்சியார் போட்ட மாலையத்தான காலைல பெருமாளுக்குக் குடுக்காக. அப்பாதான சொன்னாக?"

அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். நாச்சியார் சூடிக் களைந்த மாலைதான் மறுநாள் காலையில் பெருமாளுக்குப் போகும். அந்த மாலையைக் கட்டுகிற வீட்டில் பிறந்த பிள்ளை அவள். தானே முதலில் போட்டுக்கொண்டு பிறகு கொடுப்பதுதான் கொடுப்பதிலேயே உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். பூவுக்குச் சரியென்றால் பூட்ஸுக்கும் சரிதானே? அவள் அம்மா முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்தார். அடித்த கன்னத்தையும் அதே முந்தானையால் துடைத்தார். அந்த முந்தானையோடு பூவைத் தொட முடியாது, இனிக் குளிக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

என் அக்கா மகள் நிலைப்படியை விட்டு இறங்கி, தள்ளித் தள்ளி எங்களிடம் வந்தாள். தோழியின் இடது காலை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பி, கொப்புளத்தைப் பார்த்தாள். டாக்டர் விளையாட்டில் பார்க்கிற மாதிரி இல்லை இது. நிஜமாகவே பார்த்தாள்.

"இங்கயா கடிச்சுச்சு?"

"ஆமா."

"எனக்கும் இங்கதான். இன்னைக்கும் கடிச்சுச்சா?"

"மொதல்ல. பொறவு சும்மா இருந்துச்சு."

அக்கா மகள் அந்தக் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சித்தி, கம்பி எங்க?" என்றாள்.

அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவர நாங்கள் என்னென்ன செய்து பார்த்தோம் என்பதைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது எண்ணெயோ பஞ்சோ அல்ல. வலிக்காது என்று சொல்ல எங்களால் முடிந்தது. எங்கள் யாருக்கும் அது வலித்ததில்லை. கொஞ்சூண்டு வலிக்கும் என்று சொன்னவள் அந்த வலி எவ்வளவு என்று தெரிந்து சொன்னாள். அதனால் அவளை நம்ப முடிந்தது.

நான் கம்பியைச் செருகி, வாரைக் கட்டினேன். அக்கா பின்னால் நின்று தூக்கி நிறுத்தினாள். காலில் பாரம் விழுந்ததும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு தோழியின் தோளில் கை போட்டு, ஒரு எட்டு, இன்னொரு எட்டு. கம்பி கிறீச் கிறீச் என்றது. தோள் கொடுத்தவள் தானும் நொண்டிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு நிஜமான புண். இரண்டு பேரும் ஒரே காலால் சாய்ந்து சாய்ந்து கிணற்றைச் சுற்றி வந்தார்கள். அக்கா இதைப் பார்த்துச் சிரித்தாள். அழுகையும் வந்தது, அதைச் சிரிப்பு மூடிவிட்டது.

"கடிக்குதாட்டி?" என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்சூண்டு. அவ சொன்னாள்ல," என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போனாள்.

அன்று சாயங்காலம் பூக்கடைக்கு ஓடி மறுபடி பூ வாங்கி வந்தது நானும் அத்தானும். துளசியை அக்கா கிள்ளிக் கொடுக்கப் போனாள். பூ தொடுகிற இடத்துக்கு நாங்கள் போவதில்லை என்பதால் வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டை எடுத்து வந்து வாசலில் வைத்து, இதில் கிள்ளிப் போடுங்கள், நான் அலசிக்கொள்கிறேன் என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவே அப்படி ஒரு பேச்சு நடந்தது அதுதான் முதல் தடவை. பூமாலை உரிய நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது அந்த அம்மா தன் மகளுக்கு ஒரு சட்டமும் போட்டார். பூட்ஸ் வாசப்பக்கம் மட்டும். பின்கட்டுப் பக்கம் வரக் கூடாது. வாசப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கிடு. அவர் வீட்டு முறைக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல். அந்தச் சிறுமிக்கு அது விட்டுக்கொடுத்தலாகவே தெரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள். தான் ஏதோ செய்துவிட்டதாக அவள் அன்றும் நினைக்கவில்லை, பிறகும் நினைத்ததில்லை.

மறுநாள் மில்லில் எனக்கு வேலை ஓடவில்லை. சோதனைக் கூடத்தில் எங்கள் வேலை நூலை அறுப்பதுதான். ஓடுகிற மெஷினிலிருந்து மாதிரி எடுப்போம், சுற்றுவோம், எடை போடுவோம், அறுகிற வரை இழுப்போம். மாதிரி அறுந்து குப்பைக் கூடைக்குப் போகும். அது எவ்வளவு தாங்கியது என்பதை வைத்துத்தான் மிச்ச நூலை நம்பித் தறிக்கு அனுப்புகிறோம். தினமும் செய்கிற வேலை. அன்று ஒரு நூல் அறுந்தபோது எனக்கு அந்தக் குதிகால் ஞாபகம் வந்தது.

தர்மம் என்று நான் அதுவரை தெரிந்து வைத்திருந்தது, நம்மிடம் மிஞ்சியதைக் கொடுப்பது, இல்லாவிட்டால் புதிதாக வாங்கிக் கொடுப்பது. பூட்ஸ் அந்தப் பிள்ளையுடையது அல்ல. கொடுக்க அவளிடம் எதுவுமே இருக்கவில்லை. அடுத்தவளுக்கு வரவேண்டிய கடியில் பெரிய பங்கைத் தான் வாங்கிக்கொண்டு, சின்னப் பங்கை அவளுக்கு மிச்சம் வைத்தாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போடுவதும் நமக்கு முன்னால் சிலுவையில் வலி தாங்கிய ஒருவருக்காகத்தான். 'நமக்காகப் பாடுபட்டார்' என்பது சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. அதன் பொருள் எனக்கு விளங்கியது பெருமாள் கோயிலுக்குப் பூ கட்டுகிற வீட்டுப் பிள்ளையால். இதை அக்காவிடம் சொன்னேன். அவள் ரொம்ப யோசிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கெபிக்குப் போனபோது மகளுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். பக்கத்து வீட்டில் இதைச் சொன்னதற்கு, அவர்கள் கோயில் பிரசாதத்தில் இவளுக்கும் ஒரு பங்கு வந்தது.

பள்ளி திறக்கிற வரைக்கும் வளவில் வேறு வேலை நடக்கவில்லை. காலையும் மாலையும் நடை. துவைகல்தான் படி, ஏறி இறங்கிப் பழகினாள். விழுந்தால் தோழி தூக்க ஓடுவாள்; இவள் தூக்காதே என்று அதட்டிவிட்டு, சுவரைப் பிடித்துத் தானே எழுந்தாள். பூட்ஸ் இளகிக்கொண்டே வந்தது. ஒருநாள் கழற்றியபோது குதிகால் சிவந்துகூட இருக்கவில்லை. அதைக் காட்ட, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி, பக்கத்து வீட்டு வாசலுக்கே போனாள்.

பள்ளி திறந்த அன்று மில்லில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார், களைத்துவிட்டால் உட்கார வைக்கலாம் என்று. அவள் சைக்கிளைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதுப் பாவாடை, பக்கத்து வீட்டு அம்மா அன்று காலையில் கட்டிக் கொடுத்த மல்லிகைச் சரம், கறுத்துப்போன பூட்ஸ். சரத்தைச் சூட்டிவிட்டு அவரும் கிளம்பி வந்தார். அவர் மகள் இன்னும் பள்ளி வயது ஆகாதவள், இருந்தாலும் முன்னால் நடந்தாள். தேரடித் தெருவில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கம்பிச் சத்தம் கேட்டு ஒருவர், "யாரு, நம்ம கோர்ட்டுக்காரர் மகளா?" என்று கேட்டார். அத்தான், ஆமாம் என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பள்ளி வாசலில் படிகள். பெரிய டீச்சர் மேலே நின்றுகொண்டிருந்தார். இவள் கம்பிக் காலை முதல் படியில் வைத்துத் தடுமாறியதும், கீழே நின்ற இன்னொரு டீச்சர் தூக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க டீச்சர். நானே வாரேன்."

நல்ல காலை வைத்தாள், கம்பிக் காலை இழுத்துச் சேர்த்தாள். அடுத்த படி. அடுத்த படி. கீழே நாங்கள் இரண்டு குடும்பமும் வரிசையாக நின்றோம். மேலே ஏறி முடித்ததும் அவள் திரும்பி நின்று, எங்களில் யாரையும் பார்க்காமல், தோழியைப் பார்த்து பூட்ஸால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். கீழே நின்ற சிறுமி வெறும் காலால் பதிலுக்கு ஒரு மிதி மிதித்தாள். பெரிய டீச்சர் சிரித்துவிட்டு, பெயரை எழுதிக்கொள்ள உள்ளே கூட்டிப் போனார்.

கால் வளர்ந்ததும் அடுத்த ஜோடிக்கு அளவு கொடுக்க மதுரைக்குப் போனோம். முதல் ஜோடி எப்படி இளகியது என்று மதுரைக்காரர் கேட்டார். அக்கா மகளே சொன்னாள், ஒன்றுவிடாமல். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்த தடவை அந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள், பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனோம். வளவில் அதன்பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. புது பூட்ஸ் வந்தால் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போகும். சில நாள் கழித்து இங்கே வரும். அதில் சண்டையும் உண்டு. ஒரு தடவை இவள், இப்போது நான் பெரியவள், நானே போட்டுப் பழக்கிக்கொள்வேன் என்றாள். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு கூடத்தில் ஆளுக்கொரு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஆளுக்கு ஒரு வேளை என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

என் அக்கா மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்து வீட்டுச் சிறுமி அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. இடது காலுக்குத் தெம்பு வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பியும் பூட்ஸும் தொடர்கின்றன. பள்ளிக்குத் தினமும் நடந்து போய் நடந்து வருகிறாள்.